குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒரு பேச்சு: அதை ஆராய்ந்து எழுதுவது எப்படி?

ஒரு பேச்சை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் எழுதித் தருவது அந்தப் பேச்சின் சுருக்கம். இல்லையென்றால் பேச்சாளருக்கு ஒரு பாராட்டுரை. இரண்டுமே ஆய்வு ஆகாது. பேச்சாளர் என்ன சொன்னார் என்பது பேச்சைப் படித்தாலே தெரிந்துவிடும். அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆய்வுக் கட்டுரை பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: எதிரே இருந்தவர்களைத் தன் பக்கம் இழுக்க இவர் எதை, எந்த இடத்தில், எப்படிச் சொன்னார்? அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை, ஏன்?

அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஏ.பி. என்ற கல்லூரி நிலை ஆங்கில மொழித் தேர்வில் இந்த வகைக் கட்டுரையை ‘ரெட்டரிக்கல் அனாலிசிஸ்’ என்ற பெயரில் எழுதுகிறார்கள். அதற்கு 6 மதிப்பெண். வாதத்தை ஒரு வரியில் தெளிவாக வைப்பதற்கு 1, சான்று காட்டி விளக்குவதற்கு 4, ஆழத்துக்கு 1. நம் கல்லூரிகளின் மதிப்பீட்டு முறை வேறாக இருக்கலாம். ஆனால் எடை விழ வேண்டிய இடம் அந்த நான்குதான்.

எந்தப் பேச்சை எடுப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். முழு வாசகமும் கிடைக்க வேண்டும். எதிரே யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். பேசியவருக்கு அன்று இழக்க ஏதாவது இருந்திருக்க வேண்டும். விழா மேடைப் பேச்சுகளில் இந்த மூன்றாவது பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் அவற்றைப் பற்றிய கட்டுரைகள் உவமை, அடுக்குத்தொடர் என்று பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகின்றன. நீதிமன்றப் பேச்சு அப்படியல்ல. அங்கே தண்டனை காத்திருக்கிறது. ஆகவே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் காந்தி தன் ராஜதுரோக வழக்கில் பேசியதை. சத்தமாகப் படித்தால் ஏறக்குறைய கால் மணி நேரம். அதற்குள் ஆராய அவ்வளவு இருக்கிறது.

முதலில் சூழல். இதற்கு அமெரிக்கப் பேச்சுக்கலை அறிஞர் லாயிட் பிட்சர் 1968-இல் வகுத்துக் கொடுத்த மூன்று கேள்விகள் இன்றும் கைகொடுக்கின்றன. பேச்சைத் தேவையாக்கிய நெருக்கடி எது? செயல்படக்கூடிய நிலையில் இருந்த கேட்போர் யார்? பேச்சாளரின் கையைக் கட்டிப்போட்டவை எவை?

நெருக்கடி: ‘யங் இந்தியா’ இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஏ பிரிவில் வழக்கு. பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவலர்களைக் கூட்டம் உயிரோடு எரித்திருந்தது. காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தியிருந்தார். மார்ச் 10 அன்று கைது. அதாவது கூண்டில் நிற்கும்போது அரசுக்கு அவர் ராஜதுரோகி, சொந்தத் தொண்டர்களில் பலருக்கோ போராட்டத்தைப் பாதியில் கைவிட்டவர். கட்டுரையாளர்கள் முதல் பாதியை எழுதுவார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். அதை விட்டால் பேச்சின் பாதி வேலை கண்ணில் படாது.

கேட்போர்: இதை ஊகிக்கவே வேண்டாம். எழுதி வாசித்த அறிக்கையின் முதல் வாக்கியங்களிலேயே காந்தி பெயர் சொல்லிவிடுகிறார். இந்திய மக்களுக்கும், யாரைச் சமாதானப்படுத்த இந்த வழக்கு போடப்பட்டதோ அந்த இங்கிலாந்து மக்களுக்கும் தான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். அதன் பிறகுதான் ‘நீதிமன்றத்துக்கும்’ என்று வருகிறார். நீதிபதி ப்ரூம்ஃபீல்ட் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், வரிசையில் மூன்றாவதாக வருகிறார். இந்த ஒரு வரிசையை வைத்தே ஒரு பத்தி எழுதலாம்.

கட்டுகள்: குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. மிச்சம் இருப்பது தண்டனை பற்றிய பேச்சு மட்டும். அந்த இடத்தில் எல்லோரும் கருணை கேட்பார்கள். அந்த இடத்தில்தான் இவர் பேச வேண்டும்.

சூழல் பற்றி ஒரு எச்சரிக்கை. 1200 சொல் கட்டுரை என்றால் இதற்கு 150 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், கிலாபத் என்று வரலாறு எழுத ஆரம்பித்தால் இரண்டு பக்கம் ஓடிவிடும். பேச்சுக்குள் நீங்கள் எந்த வரியை எடுத்து விளக்கப் போகிறீர்களோ, அதற்குத் தேவையான தகவல் மட்டும் போதும்.

அடுத்தது வாசிப்பு. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. கட்டுரையைத் தமிழில் எழுதினாலும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குறிப்பெடுக்க வேண்டும். வாசகத்தை அச்செடுத்துப் பத்திகளுக்கு எண் போடுங்கள். முதல் வாசிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே ஒரு வினைச்சொல் மட்டும் எழுதுங்கள். ‘தென்னாப்பிரிக்கா பற்றி’ என்று பொருளை எழுதக்கூடாது. ‘ஒப்புக்கொள்கிறார்’, ‘விசுவாசத்தைப் பட்டியலிடுகிறார்’, ‘திரும்புகிறார்’, ‘குற்றம் சாட்டுகிறார்’, ‘நீதிபதியை நெருக்குகிறார்’ என்று செயலை எழுத வேண்டும். சுருக்கம் எழுதும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஓரத்தில் பெயர்ச்சொல் இருந்தால் கட்டுரை சுருக்கமாகும், வினைச்சொல் இருந்தால் ஆய்வாகும்.

இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பத்தியும் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று குறியுங்கள். மூன்றாம் வாசிப்பில், திரும்ப வரும் சொற்களையும், எதிர்பார்த்து வராமல் போனவற்றையும். வராமல் போனது முக்கியம். இந்தப் பேச்சில் ‘நான் எழுதியதற்கு அந்த அர்த்தம் இல்லை’ என்று ஒரு வார்த்தைகூட இல்லை. 1908-இல் இதே பிரிவில் திலகர் குற்றத்தை மறுத்தார், தன் மராத்திக் கட்டுரைகளின் பொருளை விளக்கிப் பல நாள் வாதாடினார். ஆறு ஆண்டு தண்டனை பெற்று பர்மாவின் மாண்டலே சிறைக்குப் போனார். காந்திக்கு அந்த வழி தெரியும், அதை எடுக்கவில்லை. பேச்சாளர் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டுப் பார்த்தால்தான் அவர் சொன்னது ஒரு தேர்வு என்பது புரியும்.

இப்போது மையக் கூற்று. வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: ‘காந்தி ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் ஆகிய மூன்றையும் பயன்படுத்தித் தன் கருத்தை வலுவாக முன்வைக்கிறார்.’ இந்த வாக்கியத்தில் காந்தியை எடுத்துவிட்டு வேறு எந்தப் பேச்சாளர் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அது கூற்றே அல்ல. ஈத்தோஸ் என்றால் நம்பகத்தன்மை, பேத்தோஸ் உணர்ச்சி, லோகோஸ் தர்க்கம். இந்த மூன்றையும் அரிஸ்டாட்டில் சொன்னது பேச்சைப் பார்க்க உதவும் கண்ணாடிகளாக. அதையே மூன்று பத்திகளுக்குத் தலைப்பாக வைத்துக் கட்டுரை கட்டுவது பள்ளிகளில் பரவிவிட்ட பழக்கம், என்னைக் கேட்டால் இந்த வகைக் கட்டுரைக்கு நேர்ந்த பெரிய கெடுதல். ஒரே வாக்கியத்தில் மூன்றும் கலந்திருக்கும். பிரித்து வைத்தால் வாக்கியம் செத்துப்போகும்.

இதற்குப் பதில் இப்படி எழுதலாம்: ‘குற்றத்தை முழுதாக ஏற்றுக்கொண்டதன் மூலம் காந்தி, தான் குற்றவாளியா என்ற கேள்வியை மூடிவிட்டு, சட்டம் குற்றவாளியா என்ற கேள்வியைத் திறக்கிறார், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீதிபதியின் மேல் வைக்கிறார்.’ இதை ஒருவர் மறுக்க முடியும். மறுக்க முடிந்தால்தான் நிரூபிக்க ஏதாவது இருக்கும். பேச்சின் எந்தெந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்பதும் இந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது: ஒப்புதல், திருப்பம், நெருக்கடி.

உடல் பகுதியைப் பேச்சின் வரிசையிலேயே கொண்டுபோவது நல்லது. கேட்டவர்கள் அந்த வரிசையில்தான் கேட்டார்கள். முன்னால் சொன்னது பின்னால் வருவதற்கு எப்படித் தளம் போட்டது என்பதை வேறு வரிசையில் காட்ட முடியாது.

முதல் இடம் விசுவாசப் பட்டியல். தன் பொது வாழ்வு 1893-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது என்று ஆரம்பித்து, 1899 போயர் போரில் ஆம்புலன்ஸ் படை, 1906 ஜூலூ கிளர்ச்சியில் தூக்குப்படுக்கைப் படை, ஹார்டிஞ்ச் பிரபு கொடுத்த கைசர்-ஐ-ஹிந்த் தங்கப் பதக்கம், 1914-இல் லண்டனில் மறுபடி ஆம்புலன்ஸ் படை, 1918-இல் கேடாவில் உடல்நலம் கெடும் அளவுக்கு ஆள்சேர்ப்பு என்று அடுக்குகிறார். ‘தன் சேவைகளைச் சொல்லி நம்பகத்தன்மையை உண்டாக்குகிறார்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அதற்குமேல் போக வேண்டும். ஆண்டும் இடமும் பதக்கமும் இவ்வளவு துல்லியமாக ஏன்? இங்கிலாந்து வாசகர் மதிக்கும் அளவுகோல்கள் அவை. பேரரசின் சொந்தத் தராசில் தன்னை நிறுத்துக் காட்டுகிறார். இவ்வளவு செய்தவனையே எதிரியாக்கிய ஆட்சி எப்படிப்பட்டது என்ற கேள்வி, அவர் கேட்காமலே கேட்பவர் மனதில் எழுகிறது. பட்டியல் நீள நீள அந்தக் கேள்வியின் கனம் கூடுகிறது.

அந்தப் பட்டியலில் 1893-க்கும் போயர் போருக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒரு மனிதனாகவும் இந்தியனாகவும் எனக்கு உரிமை ஏதும் இல்லை என்று கண்டுகொண்டேன் என்கிறார். உடனே தன்னையே திருத்துகிறார்: இன்னும் சரியாகச் சொன்னால், நான் இந்தியன் என்பதாலேயே மனிதனுக்குரிய உரிமை எனக்கு இல்லை என்று கண்டுகொண்டேன். முதல் வாக்கியத்தில் மனிதன், இந்தியன் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டாவதில் ஒன்று மற்றொன்றைப் பறிக்கிறது. திருத்திய வாக்கியத்தை மட்டும் நேரடியாகச் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் அது ஒரு குற்றச்சாட்டாக மட்டும் விழுந்திருக்கும். திருத்திக்கொள்ளும்போது, சரியான சொல்லுக்காகத் தேடும் நேர்மையான சாட்சியின் குரல் வருகிறது. நீதிமன்றத்தில் அந்தக் குரலுக்கு மதிப்பு அதிகம். ஒரே வரியை இப்படி ஐந்தாறு வாக்கியங்களுக்கு விரித்து எழுதுவதைத்தான் அந்த நான்கு மதிப்பெண் கேட்கிறது.

இரண்டாம் இடத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். நாட்டின் வறுமையைச் சொல்லும்போது காந்தி, எந்தச் சொல்ஜாலமும் எண்களை வைத்து ஆடும் எந்தக் கண்கட்டு வித்தையும், பல கிராமங்களில் கண்ணெதிரே தெரியும் எலும்புக்கூடுகளை மறைத்துவிட முடியாது என்கிறார். அடுத்த சில வாக்கியங்களுக்குள்ளேயே தன் எண்களை வைக்கிறார்: பஞ்சாப் ராணுவச் சட்ட வழக்குகளில் குறைந்தது 95 சதவீதத் தீர்ப்புகள் முற்றிலும் தவறு, அரசியல் வழக்குகளில் பத்துக்கு ஒன்பது பேர் நிரபராதிகள், ஐரோப்பியருக்கு எதிரான வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதில் இந்தியருக்கு நீதி மறுக்கப்பட்டது. இதைப் பார்த்ததும் ‘புள்ளிவிவரம், ஆகவே லோகோஸ்’ என்று எழுதுவார்கள். அது தவறு. இங்கே எந்த எண்ணுக்கும் கணக்கு காட்டப்படவில்லை. முதல் எண்ணுக்கு முன்னால் ‘என் பாரபட்சமற்ற ஆய்வில்’ என்றும் இரண்டாவதற்கு முன்னால் ‘என் அனுபவத்தில்’ என்றும் இருக்கிறது. பஞ்சாப் அட்டூழியங்களை விசாரித்த காங்கிரஸ் குழுவில் அவர் இருந்தார் என்பது அன்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே எண் நிற்பது தர்க்கத்தின் மேல் அல்ல, சாட்சியின் நாணயத்தின் மேல். முன்னால் போட்ட பட்டியலின் பலன் இங்கே கிடைக்கிறது. 95-க்குப் பின் 90, அதற்குப் பின் 99 என்று போவதில் இருப்பது அழுத்தம், கணக்கு இல்லை. இதை நம்பாத ஆங்கில வாசகர் ஒருவர் இந்த இடத்தில் நழுவிப் போயிருக்கலாம் என்றும் கட்டுரையில் எழுதலாம். பேச்சாளர்மீது எவ்வளவு மரியாதை இருந்தாலும் பேச்சு பலவீனமாகும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்ன கட்டுரையின் மற்ற வரிகளைத்தான் படிப்பவர் நம்புவார்.

மூன்றாம் இடத்தை நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் பேச்சு முழுவதையும் தாங்குவது அதுதான். நீதிபதிக்கு வைக்கும் இருவழி நெருக்கடி: ஒன்று பதவியை விட்டு விலகுங்கள், அல்லது எனக்கு மிகக் கடுமையான தண்டனை கொடுங்கள். பலரும் கவனிக்காத விஷயம், இது இரண்டு முறை வருகிறது. அறிக்கையை வாசிக்குமுன் வாய்மொழியாகப் பேசியபோது ஒரு முறை, அறிக்கையின் கடைசி வாக்கியத்தில் ஒரு முறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். முதல் முறை நிபந்தனை ஒரு பக்கம் மட்டும்: இந்த ஆட்சியும் சட்டமும் மக்களுக்கு நல்லது என்று நம்பினால் தண்டியுங்கள். அடுத்த மூச்சில், அப்படியொரு மனமாற்றத்தைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். இரண்டாம் முறை, நடுவில் முழு வாதமும் கடந்துபோன பிறகு, விலகும் பக்கத்துக்கும் நிபந்தனை வருகிறது: இந்தச் சட்டம் தீமை, உண்மையில் நான் நிரபராதி என்று உணர்ந்தால் விலகுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்கிய பேச்சில் ‘நிரபராதி’ என்ற சொல் அவரைக் குறித்து இங்கேதான் வருகிறது, அதுவும் நீதிபதியின் மனசாட்சிக்குள் வைத்து.

இன்னொன்று. வாய்மொழிப் பகுதியில் அரசுத் தரப்பில் வாதாடிய அட்வகேட் ஜெனரல் ஸ்ட்ராங்மன் தன்மேல் சுமத்திய பழியை, பம்பாய், சென்னை, சௌரி சௌரா நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் சேர்த்து, காந்தி அப்படியே ஏற்கிறார். அந்தக் குற்றங்களிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்கிறார். கடைசி வாக்கியத்தில் நீதிபதியிடம், பதவி விலகி தீமையிலிருந்து உங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஆங்கில மூலத்தில் இரண்டு இடத்திலும் அதே வினைச்சொல். தன் ஆட்கள் செய்த தீமைக்குப் பொறுப்பேற்ற ஒருவர், ஆட்சி செய்யும் தீமைக்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும் நிலையை இது உண்டாக்குகிறது. அவர் திட்டமிட்டுத்தான் அதே சொல்லைப் போட்டாரா என்ற கேள்விக்குள் போகாதீர்கள். ஒன்று வாய்மொழி, மற்றது எழுதி வைத்தது. ‘காந்தி வேண்டுமென்றே’ என்று எழுதினால் நிரூபிக்க வழி இல்லை. ‘இந்த எதிரொலி கேட்பவரை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது’ என்று எழுதினால் வாசகமே சான்று.

பேச்சு பலித்ததா? ‘மக்கள் மனதில் நீங்கா இடம் பெற்றது’ என்று மூடிவிடாமல், கையில் இருக்கும் ஆதாரத்தைப் பாருங்கள். நீதிபதியின் பதிலே கிடைக்கிறது. சட்டத்துக்கு ஆள் பேதம் கிடையாது, ஆனால் தான் இதுவரை விசாரித்த எவரையும் போன்றவர் அல்ல நீங்கள் என்றார். திலகருக்குக் கொடுக்கப்பட்ட ஆறு ஆண்டையே அளவாக எடுத்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் இரண்டு ஆண்டு வீதம் ஆறு ஆண்டு வெறுங்காவல் விதித்தார். பின்னால் அரசு தண்டனையைக் குறைத்தால் தன்னைவிட மகிழ்பவர் யாரும் இருக்க முடியாது என்றும் சொன்னார். 124ஏ-வில் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனைவரை இடம் இருந்தது. ஆக நீதிபதி பதவி விலகவும் இல்லை, மிகக் கடுமையாகத் தண்டிக்கவும் இல்லை. காந்தி இரண்டு வழிதான் என்றார், நீதிபதி மூன்றாவது வழியில் போனார். தர்க்கமாகப் பார்த்தால் நெருக்கடி உடைந்துவிட்டது. ஆனால் தண்டனை கொடுப்பவர் கிட்டத்தட்ட விளக்கம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். கூண்டில் இருந்தவர் திலகரோடு தன் பெயரைச் சேர்த்ததைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, நடத்திய விதத்துக்கு நன்றியும் சொன்னார். மையக் கூற்றில் ‘பொறுப்பை நீதிபதியின் மேல் வைக்கிறார்’ என்று எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டாம். காந்தி முதலில் பெயர் சொன்ன இந்திய மக்களிடம் என்ன நடந்தது என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அதைப் பற்றி எழுதாதீர்கள்.

1200 சொல்லுக்கு அளவு சொல்வதென்றால்: முன்னுரையும் மையக் கூற்றும் 120, சூழல் 150, மூன்று இடங்களுக்கும் தலா 230 முதல் 250, பலித்ததா என்பதற்கு 150. மிச்சத்தை முடிவுரைக்கு வைத்துக்கொள்ளலாம், சொன்னதையே திரும்பச் சொல்வதற்காக அல்ல. மேற்கோள் எதுவும் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம், எல்லாம் சேர்த்துக் கட்டுரையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். ஒரு வரி மேற்கோள் காட்டினால் குறைந்தது மூன்று வரி விளக்கம் வர வேண்டும். மேற்கோளை வைத்துவிட்டு ‘இதிலிருந்து தெளிவாகிறது’ என்று தாண்டிப் போவதுதான் இந்தக் கட்டுரைகளில் அதிகம் காணும் ஓட்டை.

கடைசித் திருத்தத்தில் இரண்டு காரியம். ‘அற்புதமாக’, ‘மிகச் சிறப்பாக’, ‘உணர்ச்சிபூர்வமாக’ போன்ற சொற்களைத் தேடி அடியுங்கள். அடித்த பிறகு வாக்கியம் வெறுமையாக நின்றால் அங்கே விளக்கமே இல்லை என்று பொருள், அந்த இடத்தை மறுபடி எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படியுங்கள். காந்தியின் வாழ்க்கைக் கதை போல ஓடினால் உள்ளே இருப்பது சுருக்கம். அவர் நீதிமன்றத்தில் படிப்படியாக என்ன செய்தார் என்று ஓடினால் கட்டுரையைக் கொடுத்துவிடலாம்.